வெளுத்துப்போன ஆரத்தி

மங்கையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. முதலில் அவளுடைய மாமியார் மேல் வரும். பிறகு அந்தக் குப்பத்துத் தலைவரான நாட்டார் மேல், கம்பெனி மேல். எல்லோரையும் திட்டி முடித்த பிறகு கடைசியாக என் மேல் வந்து நிற்கும். மற்றதெல்லாம் ஆறிவிடுகிறது. அது மட்டும் ஆறுவதில்லை.

என் பெயர் ஞானம். ராயபுரத்துக்காரன். ஐம்பத்து நாலாம் வருஷம் எண்ணூர்ப் பக்கம் ஒரு அமிலக் கம்பெனியில் லேப் உதவியாளனாக இருந்தேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குப்பத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன், அந்த ஆட்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

மங்கை எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த சந்தில் பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டு வயதிலிருந்து தாயோடு மீன் கூடை சுமந்து மண்ணடி வரை நடந்தவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எந்த மீனையும் வாங்க மாட்டாள், எந்த மனிதனையும் நம்ப மாட்டாள். மீன் விற்பவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் உண்டு. மங்கையிடம் ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வயதில் அவளை எண்ணூர் முகத்துவாரத்துக்குத் தெற்கே இருந்த குப்பத்தில், தாமோதரன் என்ற பையனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல பையன்தான். சொந்தக் கட்டுமரம் இருந்தது. வாய் மட்டும் இல்லை, அம்மா குப்பம்மா பேசுவாள், இவன் கேட்பான்.

வைகாசியில் கல்யாணம். ராயபுரத்தில் தாலி கட்டி, மத்தியானம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் குப்பத்துக்கு அழைத்துப் போனார்கள். நானும் போனேன். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். புதுப்பெண் வாசலில் காலெடுத்து வைக்கும் முன் சுற்றுகிற ஆரத்தித் தண்ணீரை அம்மன் கோவில் கிணற்றிலிருந்துதான் மொண்டு வரவேண்டும். அந்தக் கிணற்று நீரை யாரும் குடிக்க மாட்டார்கள், துவைக்க மாட்டார்கள். அது அம்மனுக்கும் ஆரத்திக்கும் மட்டும். குடிதண்ணீருக்கு மணல்மேட்டில் தனியாக ஊற்று தோண்டி வைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் தங்கை புஷ்பவல்லி தாம்பாளத்தில் மஞ்சள்தூளைப் போட்டு, சுண்டுவிரல் நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துக் குழைத்தாள். பளீரென்று சிவந்தது. அதன்மேல் அம்மன் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். சிவப்பு பரவியது. நடுவில் கற்பூரம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் தட்டின் ஓரத்திலிருந்து நிறம் கலைந்தது. சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாகி, கடைசியில் தட்டு முழுக்க வெறும் மஞ்சள் தண்ணீர் நின்றது. ரத்தச் சிவப்பாக வாசலில் கொட்ட வேண்டிய தண்ணீர், கண்ணெதிரே வெளுத்துப்போயிற்று.

நூறு பேர் பார்த்தார்கள். குப்பம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். இந்தப் பெண்ணின் காலடி பட்டதும் அம்மன் சிவப்பை எடுத்துக்கொண்டாள் என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாருக்கும் வேறு காரணம் தேவைப்படவில்லை.

அந்த வாரம் இரண்டு நாள் வலையில் மீன் விழவில்லை. வைகாசியில் இரண்டு நாள் மீன் விழாதது அதிசயமா என்ன? ஆனால் அது மங்கையின் கணக்கில் ஏறியது. கட்டுமரம் தள்ளும் நேரத்தில் கரையில் நிற்கக் கூடாது என்றார்கள். வலையைத் தொடக் கூடாது என்றார்கள். சமையலறைக்குள் விடவில்லை. பின்பக்கச் சார்ப்பில் ஒரு பாயைப் போட்டு அங்கே இருக்கச் சொன்னார்கள். தாமோதரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவனுக்கு வாயில் கொழுக்கட்டை. பதினைந்தாம் நாள் அவளை ராயபுரத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அடுத்த மாதம் குப்பத்தில் பஞ்சாயத்துக் கூடி, கல்யாணத்தை அத்துவிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அத்துவிட்டால், ராசி கெட்டவள் என்ற பட்டத்தோடு அவள் காலம் முழுக்க இருக்க வேண்டும். கரையோரம் எந்தக் குப்பத்திலும் அவளை இன்னொருவன் கட்ட மாட்டான். அவளைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போக மாட்டான்.

அழுதுகொண்டு உட்காருகிற ரகம் இல்லை அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலில் இருந்து திரும்பியபோது என் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சோடா பாட்டில், அதில் தண்ணீர்.

அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சார்ப்பில் கிடந்த பதினைந்து நாளும் அவள் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மஞ்சள் கறை பட்ட புடவைக்குச் சோப்புப் போட்டால் கறை சிவக்கும், அதே இடத்தில் எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். இது துணி துவைக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அப்படியானால் தட்டில் சிவப்பை எடுத்தது அம்மனா, புளிப்பா? யாரும் பார்க்காத நேரம் கோவில் கிணற்றில் மொண்டு ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கிறாள். புளித்தது. துரு வாசனையும் அடித்தது. பாட்டிலில் ஊற்றி முந்தானையில் மறைத்து எடுத்து வந்துவிட்டாள்.

என் சட்டைப்பையில் எப்போதும் லிட்மஸ் காகிதம் இருக்கும். நீலக் காகிதத்தை முக்கினேன். தண்ணீர் பட்ட கணமே சிவந்தது. அந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

"இதுல இன்னா கலந்துகினு கீது? எனக்குப் புரியற மாரி சொல்லுண்ணே" என்றாள்.

சொன்னேன். தண்ணீரைப் போல ஏமாளி உலகத்தில் கிடையாது. இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தது அது. அதனிடம் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. உப்பைப் போட்டால் உப்பைக் கரைத்துக்கொள்ளும். சர்க்கரையைப் போட்டாலும் அப்படித்தான், அமிலத்தை விட்டாலும் அப்படித்தான். தண்ணீருக்குள் எப்போதும் புளிப்பின் துகள் கொஞ்சம், காரத்தின் துகள் கொஞ்சம் இருக்கும். சுத்தமான தண்ணீரில் இரண்டும் சரிக்குச் சரி. அந்த நிலைக்கு ஏழு என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். பி.எச். என்பது அந்த அளவுதான். ஏழுக்கு மேலே போனால் சுண்ணாம்பு, சோப்பு மாதிரிக் காரம். கீழே வந்தால் புளிப்பு. ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறும். ஆறு என்றால் பத்து மடங்கு, ஐந்து என்றால் நூறு. மஞ்சளுக்குக் காரம் பட்டால்தான் சிவப்பு. தண்ணீரில் இருக்கிற புளிப்பு, விரல் நுனிச் சுண்ணாம்பைத் தின்று தீர்த்துவிட்டால் சிவப்புக்கு வேலையில்லை.

இந்தக் கிணறு எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்டாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கும் என்றேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். ஏழிலிருந்து இரண்டுக்கு ஐந்து படி. மீன் கூடை சுமந்தவளுக்குக் கணக்கா வராது? லட்சம் மடங்கு என்று அவளே சொன்னாள்.

எங்கள் கம்பெனியில் டாங்கு கழுவிய தண்ணீர், குழாய் ஒழுகியது, தவறிச் சிந்தியது எல்லாம் பின்சுவரில் ஒரு ஓட்டை வழியாக வாய்க்காலில் இறங்கும். அந்த வாய்க்கால் அம்மன் கோவிலுக்கு நூறு கெஜத்தில் ஓடி உப்பங்கழியில் விழும். முதல் ஆறேழு வருஷம் கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் மண்ணுக்கடியில் ஒரு ஆள் உயரத்துக்குக் கிளிஞ்சல் படிந்து கிடந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு இனம். ஊறி வந்த அமிலத்தை அதுவே தின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கிளிஞ்சலைத் தோண்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பத் தொடங்கினார்கள். தோண்டியது குப்பத்து நாட்டார் கருணாகரனின் காண்டிராக்ட். கிளிஞ்சல் போனது, அமிலம் நேராகக் கிணற்றில் இறங்கியது. அதற்குப் பிறகு அந்தக் குப்பத்துக்கு வந்த முதல் புதுப்பெண் மங்கை.

இன்னொன்று கேளுங்கள். இதை நினைத்தால்தான் எனக்குத் தலை கொதிக்கும். கடைசி ஒரு வருஷமாகக் கோவில் பித்தளைக் குடம் தேய்க்காமலே தங்கம் மாதிரிப் பளபளத்திருக்கிறது. பூசாரி அதை அம்மன் மகிமை என்று சொல்லி ஊரே விழுந்து கும்பிட்டிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை பளபளப்பது யாருக்குத் தெரியாது? அதே புளிப்பு குடத்தை மினுக்கினால் அம்மன் மகிமை, ஆரத்தியை வெளுத்தால் மருமகளின் ராசி.

வாய்க்கால் கதையையும் நான் சொல்லக் கேட்டபின் மங்கை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தினமும் வாய்க்கால் தண்ணீரைச் சோதிக்கிறாயே, அதை எழுதி வைத்திருக்கிறாயா என்றாள். வைத்திருக்கிறேன் என்றேன். "அப்போ பஞ்சாயத்து அன்னிக்கி வந்து அந்த நெம்பர மட்டும் சொல்லுண்ணே. நான் சொன்னா புருசன் வூட்டுக்குப் போவறதுக்குக் கதை கட்றேன்னுவாங்க. நீ படிச்சவன்" என்றாள். வருகிறேன் என்று சொன்னேன்.

வைத்திருந்தது உண்மை. என்ன எழுதி வைத்திருந்தேன் என்பதைச் சொல்லவில்லை. காலையில் கண்ணாடிக் குழாயில் வாய்க்கால் தண்ணீரை எடுத்து, நிறம் காட்டும் மருந்தைச் சொட்டு விடுவேன். மருந்து நல்ல சிவப்பைக் காட்டும், அதாவது இரண்டு. நோட்டில் ஏழு என்று எழுதுவேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே சூப்பர்வைசர் அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக ஏழு, ஏழு, ஏழு. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அவர் பாராட்டக்கூடச் செய்தார்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மன் கோவில் எதிரில் பஞ்சாயத்துக் கூடியது. நாற்பது ஆம்பிளைகள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். நான் சொன்னபடி போனேன். போய்ப் பார்த்தால், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு எங்கள் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். கோவில் சுவருக்குக் கம்பெனி சிமெண்டு கொடுப்பதாக இருந்தது, அதற்காக நாட்டார் அவரை மரியாதைக்கு அழைத்திருந்தார். குப்பத்தில் ஆறு பேருக்கு வேலை தருவதாகவும் பேச்சு. அந்த ஆறு பேரில் தாமோதரனும் ஒருவன்.

குப்பம்மா தன் வழக்கைச் சொன்னாள். தட்டு வெளுத்தது, வலை காய்ந்தது, இனி இந்தப் பெண் வீட்டில் இருந்தால் மகனைக் கடல் கொண்டுபோகும் என்றாள். அவள் பயந்திருந்தாள் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அன்று அவள் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

மங்கை எழுந்து, தட்டை வெளுக்க வைத்தது கிணற்றில் இருக்கிற அமிலம், அது கம்பெனி வாய்க்காலில் இருந்து ஊறுகிறது என்றாள். கூட்டத்தில் சலசலப்பு. நாட்டார் சிரித்தார். இதெல்லாம் உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். அவள் என்னைக் காட்டினாள்.

"ஞானண்ணே, அந்த நெம்பர சொல்லு."

எல்லோரும் திரும்பினார்கள். சூப்பர்வைசரும் திரும்பினார். சும்மா பார்த்தார். எனக்கு வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். ஆனால் அதை ஒரு நியாயமாக இங்கே வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"ஏழு" என்றேன். "வாய்க்கால் தண்ணீர் ஏழுதான். நோட்டில் அப்படித்தான் இருக்கிறது."

மங்கை என்னைத் திட்டவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்த மீனைக் கூடையில் திருப்பி எறிகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கீழே வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள். எனக்காக மட்டும் அவள் காத்திருக்கவில்லை. நான் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வந்திருக்கிறாள்.

இரண்டு தாம்பாளம். இரண்டிலும் ஒரே அளவு மஞ்சள், ஒரே அளவு சுண்ணாம்பு. குழைத்தது குப்பத்துப் பெண் ஒருத்தி. மங்கை தொடவில்லை, பத்தடி தள்ளி நின்றாள். ஒன்றில் மணல்மேட்டு ஊற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அம்மன் கிணற்றுத் தண்ணீர். ஊற்றுத் தண்ணீர் செக்கச்செவேலென்று நின்றது. கிணற்றுத் தண்ணீர் அன்று போலவே ஓரத்திலிருந்து வெளுத்தது. நாற்பது பேரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். கிணற்றில் அம்மன் இருக்கிறாள், அவளுக்குத்தான் கோபம் என்று குப்பம்மா சொன்னாள். அதற்கும் மங்கை பதில் வைத்திருந்தாள். கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீரை ஒரு சொம்பு நிறையக் கொடுத்து, சிவந்து நின்ற தட்டில் ஊற்றச் சொன்னாள். அதுவும் மஞ்சளாகிப் போனது.

"இந்தப் புளி எந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்துச்சு? இது ராசியில்லாத புளியா?" என்று கேட்டாள்.

பின்னால் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் பஞ்சாயத்து முடிந்தது. நாட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு, கிணற்றில் புளிப்பு இறங்கியிருக்கிறது, பெண்ணின் மேல் குற்றம் இல்லை, கூட்டிக்கொண்டு போய்க் குடும்பம் நடத்துங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். குப்பம்மாவே வந்து மங்கையின் கையைப் பிடித்து வீட்டுக்கு வா என்றாள். தாமோதரன் முகத்தில் அன்றுதான் உயிர் வந்தது.

மங்கை கையை விடுவித்துக்கொண்டாள். புளிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அதை யார் கண்டது என்றார் நாட்டார். லேப் ஆளே ஏழு என்று சொல்லிவிட்டான், இனி ஆரத்திக்கு ஊற்றுத் தண்ணீர் எடுத்தால் போயிற்று, இதில் என்ன பேஜார் என்றார். சூப்பர்வைசர் சிகரெட்டைப் பற்ற வைத்தார்.

"என்ன வெசாரிக்க நாப்பது பேரு வந்தீங்க" என்றாள் மங்கை. "வாய்க்கா நூறு கெஜம். இன்னொரு தட்டுல மஞ்ச குயைச்சுக் குடுக்கறேன். எங்கூட நடந்து வந்து அந்தத் தண்ணிய ஊத்திப் பாருங்க. யாரு வர்றீங்க?"

யாரும் அசையவில்லை. சிமெண்டு இருந்தது, ஆறு வேலை இருந்தது, கிளிஞ்சல் காண்டிராக்ட் இருந்தது. ஒரு பெண்ணின் தலையில் பழி போடும்போது இந்த நாற்பது பேருக்கும் இருந்த துணிச்சல் நூறு கெஜம் நடக்க வரவில்லை. அவள் தாமோதரனைப் பார்த்தாள். அவன் சூப்பர்வைசரைப் பார்த்தான், பிறகு மணலைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்துவிடுவதென்றால் அங்கே ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுவார்கள். அதைப் புருஷன்தான் கிள்ள வேண்டும், அதுதான் வழக்கம். மங்கை குனிந்து மணலில் கிடந்த ஒரு தென்னை ஈர்க்கை எடுத்தாள். எடுத்து இரண்டாக ஒடித்து நாட்டாரின் காலடியில் போட்டாள். தட்டுகளை மூட்டையில் கட்டிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தாள். தாமோதரன் எழுந்து நின்றான், ஆனால் நின்ற இடத்திலேயே நின்றான்.

அதற்குப் பிறகு அவள் ராயபுரம் மார்க்கெட்டில் மீன் விற்றாள். அவளை யாரும் ராசி கெட்டவள் என்று சொல்லவில்லை, சொல்ல யாருக்கும் தைரியம் இருக்கவில்லை. கட்டிக்கொள்ளவும் யாரும் வரவில்லை. துரும்பைத் தானே ஒடித்தவளைக் கட்ட ஆம்பிளைகளுக்குப் பயம். தாமோதரன் கம்பெனியில் டாங்கு கழுவும் வேலையில் சேர்ந்தான். தினமும் அவனைப் பார்ப்பேன். பேசிக்கொள்ள மாட்டோம்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு நாள் மனசு தாங்காமல் அவள் கடை முன்னால் போய் நின்றேன். அன்று நோட்டில் இருந்த ஏழு பொய், உண்மையான எண் இரண்டு, எழுதியவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் கத்திவிடுவாள், நாலு பேர் பார்க்கத் திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்ணே" என்றாள். "நெம்பரு போனா போவுது. நூறு கெஜம் யாரு வர்றீங்கன்னு கேட்டேனே, அப்போ நீ எய்ந்து ஒரு அடி வெச்சிருந்தா போதும். எம்புருசனுக்கு மொதல்ல நடக்க ஒரு ஆளுதான் வோணும். பின்னாலேயே வந்திருப்பான்."

ஒரு கூறு சங்கரா மீனை அள்ளி என் பையில் போட்டாள். அடுத்து நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கத் திரும்பிவிட்டாள்.